நான் குனிந்து பார்க்காத எண்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். மோட்டார் வாகன ஆய்வாளராகச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது அவருக்கு.

"சாரே, இப்ப சேசிஸ் நம்பர போனில படம் எடுத்து ஏத்தினா போதும். எந்த எடத்தில நின்னு எடுத்தோம்ணும் அதுவே காட்டிக் குடுக்கும். ஒங்க காலத்தில பென்சில வச்சு தேப்பீங்களாமே, உள்ளதா?"

கல்லை உரசித் தீ மூட்டியவனிடம் பேசுவது போன்ற பரிதாபம் அந்தக் குரலில் இருந்தது. உள்ளதாக்கும் என்றேன்.

"அந்தப் பச்ச வண்டி கேசு ஒங்களுக்கதுல்லா? அது என்னவாக்கும் சார் நடந்தது? ஆபீசில ஆளுக்கொரு கத சொல்லுதாங்க."

அதற்குத்தான் போன் செய்திருக்கிறார் என்பது அப்போது விளங்கியது. ஆளுக்கொரு கதை சொல்லித்தான் ஏற்கனவே ஒரு மனிதனைக் கெடுத்தார்கள். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். அலுவலகத்தின் பெயரும் வண்டி செய்த கம்பெனியின் பெயரும் இதில் வராது. என் பெயரை மறைக்கப் போவதில்லை. டென்னிசன். பாறசாலைக்குப் பக்கத்தில் வீடு. முப்பது வருடத்துக்கு மேல் கேரள மோட்டார் வாகனத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

முதலில் அந்தப் பென்சில் சமாச்சாரம். ஒவ்வொரு வண்டிக்கும் அதன் அடிச்சட்டமான சேசிஸில் ஓர் எண் குத்தப்பட்டிருக்கும். பெயிண்ட் மாறும், எஞ்சின் மாறும், சொந்தக்காரர் மாறுவார். அந்த எண் மாறக் கூடாது. மண்ணெண்ணெய்த் துணியால் அந்த இடத்தைத் துடைத்து, மெல்லிய காகிதத்தை அதன்மேல் அழுத்திப் பிடித்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் கறுப்புக்கு நடுவே எண் வெள்ளையாக எழுந்து வரும். அதைக் கோப்பில் ஒட்டி, கீழே 'என்னால் நேரில் எடுக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மூன்று வார்த்தையை நம்பித்தான் வண்டி யாருடையது என்று நீதிமன்றம் வரை தீர்மானிக்கிறார்கள்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டிப்ளமோ படித்தேன், பரீட்சை எழுதினேன், இருபத்து நான்கு வயதில் காக்கிச் சட்டை மாட்டினேன். உண்மையான பாடம் எல்லையில் கிடைத்தது. இங்கே ஒருவருக்கு வீடு வெள்ளறடையில் இருக்கும், ரப்பர் தோட்டம் தமிழ்நாட்டில் இருக்கும். பனச்சமூட்டில் ஒரு கடையில் டீ குடித்துவிட்டு எதிர்க் கடையில் வெற்றிலை வாங்கப் போனால் மாநிலம் மாறிவிடும். ஆட்கள் மாறுவதைப் போலவே வண்டிகளும் இந்தப் பதிவிலிருந்து அந்தப் பதிவுக்கு மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இந்தப் பென்சில் பிரிண்ட் ஒன்று.

அதில் ஒரு வழக்கம் உண்டு. வண்டிக்காரரோ அவருடைய டிரைவரோ பிரிண்டைத் தேய்த்துத் தயாராகக் கொண்டுவருவார். நாங்கள் வாங்கி ஒட்டிக் கையெழுத்துப் போடுவோம். முன்பின் தெரியாத ஆள் என்றால் மட்டும் குனிந்து பார்ப்போம். தெரிந்தவர் முன்னால் குனிந்தால், உம்மை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் தெரிந்தவர்கள், மீதிப் பேர் அவர்களுக்குச் சொந்தக்காரர்கள். பிறகு குனிவதற்கு எங்கே வேலை?

நான் சேர்ந்த இரண்டாம் வருடம். வெள்ளறடையில் எங்கள் சர்ச் சபையைச் சேர்ந்த ஒரு டாக்டர் இருந்தார். ஊரில் பெரிய டாக்டர் என்பார்கள். என் அம்மாவின் மூச்சிரைப்புக்குப் பல வருடம் காசு வாங்காமல் மருந்து கொடுத்தவர். அவர் நாகர்கோவில் வக்கீல் ஒருவரிடமிருந்து ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தார். ஏதோ ஒரு மலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கப்பலில் வரவழைத்த வண்டி என்று பேச்சு. அதைக் கேரளப் பதிவுக்கு மாற்ற வேண்டும். வண்டி அப்போது ஓடும் நிலையில் இல்லாததால் வீட்டுக்கு வந்து பார்க்க முடியுமா என்று டாக்டர் அலுவலகத்தில் கேட்டார். சபைப் பையன் என்று என்னை அனுப்பினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய டாக்டர் வீட்டுக்கு அதிகாரியாகப் போகிறேன் அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வெள்ளைப் பேண்ட்டோடு நேராகப் போனேன். ஆனி மாதத்து மழை. ஷெட்டின் தரை சேறும் சகதியுமாகக் கிடந்தது. அதன் நடுவில் அந்த வண்டி நின்றது. கரும்பச்சை நிறம், இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, சைக்கிள் சக்கரம் போலக் கம்பி வைத்த சக்கரங்கள். அடிப்பாகத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இல்லை. எண்ணைப் பார்க்க வேண்டுமானால் ஜாக்கி வைத்துத் தூக்கி, முன்சக்கரத்தைக் கழற்றி, சேற்றில் மல்லாந்து படுக்க வேண்டும்.

டாக்டரின் டிரைவர் ராஜையன் ஒரு காகிதத்தை நீட்டினார். பிரிண்ட் தயாராக இருந்தது.

"ராஜையன் காலத்தயே எடுத்து வச்சிட்டான்" என்றார் டாக்டர். "வேணும்னா நீயும் ஒருக்க கீழ போயி பாரு டென்னிசா. ஆனா இந்தச் சகதியில எதுக்கு?"

"வேண்டாம் ஐயா."

அச்சப்பமும் டீயும் வந்தன. கோப்பை அவருடைய சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து, பிரிண்டை ஒட்டி, 'என்னால் நேரில் எடுக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அம்மா எப்படி இருக்கிறாள் என்று டாக்டர் விசாரித்தார். சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான வண்டிகள், எத்தனையோ அலுவலகங்கள். டாக்டர் இறந்துபோனார். பச்சை வண்டி அவர் வீட்டு ரப்பர் ஷீட் புகைபோடும் கொட்டகையில் கிடந்து மக்கியது. பல வருடம் கழித்து அவர் மகன் கொட்டகையை இடிக்கும்போது வண்டியைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்தார். வாங்கியவர் சுகுமாரன். பனச்சமூட்டிலிருந்து வெள்ளறடை போகும் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்.

சுகுமாரனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் கடையில் வண்டியை விட்டால் சாவியையும் விட்டுவிட்டுப் போகலாம். டாஷ்போர்டில் மறந்து வைத்த மோதிரத்தைத் தேடிக்கொண்டுபோய்க் கொடுத்தவர். எல்லையின் இரண்டு பக்கத்திலும் அந்த நல்ல பெயர்தான் அவருக்குத் தொழிலில் முதல். கூலி வேலை போக மிச்சமிருந்த நேரத்தில் ஒன்பது வருடம் அந்தப் பச்சை வண்டியோடு மல்லுக்கட்டினார். அதன் உடம்புத் தகட்டுக்கு உள்ளே மரச்சட்டம் உண்டு, அதைக் கறையான் தின்றிருந்தது. சீமை மரத்துக்கு எங்கே போவது? அயனிப் பலகை வாங்கி இழைத்துச் செய்தார். மேற்கூரைத் துணியை வெள்ளறடையில் குடை தைப்பவர் தைத்தார். ஸ்பீடாமீட்டரை நெய்யாற்றின்கரையில் கடிகாரம் பழுது பார்ப்பவர் ஓட வைத்தார். ஊரே அதை அவருடைய மூத்த பிள்ளை என்று கேலி செய்தது. அவரும் மறுக்கவில்லை.

ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்குத் தனிப் பதிவு உண்டு என்று சட்டம் வந்ததும் சுகுமாரன் மனுப் போட்டார். அப்போது நான் என் சர்வீஸின் கடைசி மாதங்களில் சொந்த ஊர்ப் பக்கத்து அலுவலகத்துக்கே திரும்பி வந்திருந்தேன். எங்கள் தலைமை அதிகாரி ரமாதேவி மேடம். வடக்கே பாலக்காட்டுப் பக்கம். அதிர்ந்து பேச மாட்டார், ஆய்வு முடியும்வரை உட்காரவும் மாட்டார். ஜீப்பில் ஒரு பழைய பெட்ஷீட் வைத்திருப்பார். சந்தேகம் வந்தால் அதைத் தரையில் விரித்துத் தாமே வண்டிக்கு அடியில் போய்விடுவார். ஐம்பதை நெருங்கிய பெண் அதிகாரி லாரிக்கு அடியில் கிடப்பதைப் பார்த்து டிரைவர்கள் திகைத்து நிற்பார்கள்.

எண் பார்ப்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. அடியில் இருப்பவர் கடைசி இலக்கத்திலிருந்து பின்னோக்கி வாசிக்க வேண்டும். மேடம் பதிவுப் புத்தகமான ஆர்.சி.யைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் "உம்" என்பார். இடமிருந்து வாசித்தால் கண் ஏற்கனவே தெரிந்ததையே படித்துவிடும், வலமிருந்து வாசித்தால்தான் உள்ளதைப் படிக்கும் என்பது அவர் கணக்கு.

ஆய்வு நாள் காலையில் சுகுமாரன் வண்டியை மைதானத்துக்கு ஓட்டி வந்தார். ஊரில் பாதி அங்கே திரண்டிருந்தது. எனக்கும் அதைப் பார்த்ததில் உள்ளபடியே மகிழ்ச்சி. நம்ம டாக்டர் வண்டி என்று பக்கத்தில் நின்றவரிடம் பெருமை அடித்துக்கொண்டேன். எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டுச் சுவரில் நான்கு ரிவெட் அடித்த பித்தளைப் பிளேட் பளபளத்தது. அதிலிருந்த எண் ஆர்.சி.யோடு பொருந்தியது. ஆனால் பிளேட்டைக் கழற்றி மாட்டலாம் என்பதால் அது மட்டும் செல்லாது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினார்கள். நான் பெட்ஷீட்டில் படுத்து உள்ளே போனேன். சேசிஸில் எண் தெளிவாகத் தெரிந்தது. எங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று சுகுமாரன் ஒவ்வோர் இலக்கத்திலும் வெள்ளைப் பெயிண்ட் தொட்டு வைத்திருந்தார்.

"வலத்துந்நு வாயிக்கூ" என்றார் மேடம் மலையாளத்தில்.

"ஏழு" என்றேன்.

"உம்" வரவில்லை.

காது கேட்கவில்லையோ என்று மறுபடியும் ஏழு என்றேன். மேடத்தின் செருப்பு மட்டும் எனக்குத் தெரிந்தது. அது அசையவில்லை. "அடுத்தது" என்றார். இரண்டு என்றேன். அதற்கும் இல்லை. மொத்த எண்ணையும் வாசித்து முடித்தேன். ஒரு "உம்" கூட வரவில்லை. அந்த இடுக்கில் மல்லாந்து கிடந்தபோதுதான் டாக்டர் வீட்டுச் சாப்பாட்டு மேசை எனக்கு ஞாபகம் வந்தது.

வெளியே வந்தபோது மேடம் சுகுமாரனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பதறாமல் சொன்னார்: "வேற நம்பரா இருக்குண்ணு எனக்கும் தெரியும் மேடம். பெயிண்டு சொரண்டினப்பவே பாத்தேன். அத கிரைண்டர வச்சு தேச்சிட்டு ஆர்.சி. நம்பர குத்திரலாம், அர மணிக்கூர் வேலண்ணு ஒரு ஏஜெண்டு சொன்னான். நான் செய்யல்ல. ஆபீசில படிச்சவங்க உண்டு, அவங்க பாத்து சொல்லுவாங்கண்ணு விட்டேன்."

படிச்சவங்க என்று சொல்லும்போது என்னைப் பார்த்தார். நான் பெட்ஷீட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

விதி தெளிவானது. பதிவில் ஒரு எண், சேசிஸில் ஒரு எண் என்றால் வண்டியைப் போலீஸ் காவலில் வைக்க வேண்டும். மேடம் அதைச் செய்தார். அன்று மதியமே வண்டி ஸ்டேஷன் முற்றத்தில், பிடிபட்ட மணல் லாரிகளுக்கு நடுவில் நின்றது. இந்த மாதிரி வண்டிக்குப் பெரிய நகரங்களில் கோடீஸ்வரர்கள் காத்துக் கிடக்கிறார்கள், எங்கேயோ களவு போன வண்டிக்குச் சுகுமாரன் டாக்டரின் பேப்பரை மாட்டியிருக்கிறான் என்று போலீஸ் நினைத்தது. டாக்டரின் மகனைக் கேட்டபோது, எங்க அப்பா வச்சிருந்தது சரியான நம்பர் உள்ள வண்டி என்று எழுதிக் கொடுத்தார். அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

நான்கைந்து நாளில் கதை ஊரெல்லாம் பரவியது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. சுகுமாரன் கடையில் வேலைக்குக் கிடந்த வண்டிகளை ஆட்கள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள். மருமகன் வந்திருக்கிறார், அவசரமாகப் போக வேண்டும் என்று ஏதேதோ காரணம் சொன்னார்கள். ஒருவர் பானெட்டைக் கழற்றிய நிலையிலேயே கயிறு கட்டி இழுத்துப் போனாராம். நான் அந்த ரோட்டில் போவதை நிறுத்தினேன்.

ஆறாம் நாள் ரெக்கார்டு அறையிலிருந்து பழைய கோப்பு கிடைத்தது. மேடம் என்னைக் கூப்பிட்டார். மேசையில் கோப்பு திறந்திருந்தது. பூச்சி அரித்த தாளில் அந்தப் பிரிண்ட், அதன் கீழே என் இளமைக் காலத்துக் கையெழுத்து, வளைவும் நெளிவுமாக. சேசிஸில் அன்று இருந்தது ஆர்.சி. எண்தான், அதிகாரி நேரில் பார்த்து எடுத்திருக்கிறார் என்று அது சாட்சி சொன்னது. அப்படியானால் சேசிஸை மாற்றியது பிற்பாடு வந்தவன். சுகுமாரனைத் திருடன் ஆக்குவதற்கு வேறு சாட்சியே தேவையில்லை.

மேடம் ஒரு லென்ஸை நகர்த்தி வைத்தார். "இந்த ஓரத்தைப் பாருங்கள்."

பார்த்தேன். கடைசி இலக்கத்தை அடுத்து, பென்சில் கறுப்பில் வெள்ளையாக ஓர் அரைவட்டம்.

"ரிவெட்டின் தலை. சேசிஸில் அந்த இடத்தில் ரிவெட் உண்டா டென்னிசன்?"

"இல்லை மேடம்." ரிவெட் இருந்தது பித்தளைப் பிளேட்டில்.

இந்தப் பிரிண்டை எடுத்தது நீங்களா என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார்: "போலீசுக்கு நாளை பத்து மணிக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். ரிவெட்டைப் பார்த்தேன் என்று நான் எழுதலாம். அது என் ஊகம் என்று வக்கீல் தள்ளிவிடுவார். எடுத்தவர் சொன்னால்தான் நிற்கும். உங்களுக்கு ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கிறது. அதுவும் எனக்குத் தெரியும்."

'ஞாபகமில்லை' என்று ஒரு வார்த்தை உண்டு. அரசு ஊழியனுக்கு அதைப் போலப் பாதுகாப்பான வார்த்தை வேறு கிடையாது. முப்பது வருடத்துக்கு முந்தைய பிரிண்டைப் பற்றி நான் அதைச் சொல்லியிருந்தால் யாரும் மேற்கொண்டு கேட்டிருக்க மாட்டார்கள். சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்கு முன் ராஜையனைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. என் தப்பை அவர் தலையில் பாதி இறக்கிவைக்க முடியுமா என்று பார்க்கத்தான் போனேன். வேறு யோக்கியமான காரணம் எதுவும் இல்லை.

ராஜையன் அப்போது பூவாரில் மகனோடு இருந்தார். மகன் ஆற்றுமுகத்தில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறான். எண்பது தாண்டிய ராஜையன் படகுத்துறைப் பெஞ்சில் உட்கார்ந்து வெள்ளைக்காரர்களின் செருப்புக்குக் காவல் இருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"பச்ச வண்டிக்க காரியமா? நீ வருவேண்ணு தெரியும் மக்கா. இரி."

உட்கார்ந்தேன். "அந்தப் பிரிண்டு நீங்க எங்க வச்சு தேச்சீங்க?"

"பிளேட்டிலயாக்கும். பின்ன எங்க?"

"சேசிஸில ஏன் எடுக்கல்ல?"

"அதில வேற நம்பருல்லா." சர்வ சாதாரணமாகச் சொன்னார். "வக்கீலுக்க கையில இதே மாதிரி ரெண்டு வண்டி உண்டு. ஒண்ணு லாரியில இடிச்சு சேசிஸ் வளஞ்சு போச்சு. மத்ததுக்கு பாடி முழுக்க கறையான் தின்னாச்சு. அவரு இடிச்ச வண்டிக்க பாடியத் தூக்கி மத்ததுக்க சேசிஸில வச்சு ஒரு வண்டியாக்கினாரு. பேப்பரு இடிச்ச வண்டிக்க பேப்பரு. மத்ததுக்கு பேப்பரே இல்ல, எந்தக் காலத்திலயோ தொலஞ்சு போச்சு."

"டாக்டருக்கு இது தெரியுமா?"

ராஜையன் ஆற்றைப் பார்த்தார். சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது. "தெரியாம பின்ன? அவருதான் சொன்னாரு, பிளேட்டில தேச்சு வை ராஜையா, ஆபீசில சொல்லி டென்னிசன வரச் சொல்லியிருக்கேன், அவன் நம்ம பய, கீழ போயி பாக்கமாட்டான்ணு."

முப்பது வருடமாக அதை ஒரு மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை அதிகாரியாக மதித்துக் கூப்பிட்டார் என்று நினைத்தேன். நான் குனிய மாட்டேன் என்பதற்காகவே கூப்பிட்டிருக்கிறார். கோபம் வந்தது. அதைவிட வெட்கம் வந்தது. அவர் என்னைச் சரியாகத்தானே அளந்திருக்கிறார்.

"இத ஸ்டேஷனில வந்து சொல்லுவீங்களா?" என்று கேட்டேன்.

"வாறேன். ஆனா நான் சொன்னா ஆரு கேப்பா மக்கா? நான் பென்சில் தேச்சவன். எடுத்தேண்ணு எழுதினது ஒனக்க கையாக்கும்."

மறுநாள் காலையில் மேடத்தின் அறையில் நின்றுகொண்டே எழுதினேன். இந்தப் பிரிண்டை நான் எடுக்கவில்லை. வண்டிக்கு அடியில் நான் பார்க்கவே இல்லை. எடுத்ததாக எழுதியது பொய். ராஜையன் சொன்னதை அதன் கீழே தனியாக எழுதினேன். மேடம் இரண்டு முறை வாசித்தார். எதையும் திருத்தச் சொல்லவில்லை. நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

"இதோடு உங்கள் மேல் விசாரணை வரும். நான்தான் எழுத வேண்டியிருக்கும்" என்றார்.

"எழுதுங்க மேடம்."

எழுதினார். குற்றப்பத்திரிகை கையில் இருக்கும்போதே நான் ஓய்வு பெற்றேன். டீ பார்ட்டி இல்லை, சால்வை இல்லை. விசாரணை முடிந்து தண்டனையும் கிடைத்தது. அதில் எனக்குப் புகார் கிடையாது. ராஜையன் மகனுடைய படகிலிருந்து இறங்கி, வேட்டி கட்டி, ஸ்டேஷனுக்கு வந்து வாக்குமூலம் கொடுத்தார். சேசிஸ் எண்ணைத் தடயவியல்காரர்கள் சோதித்தார்கள். தொழிற்சாலையில் குத்திய எண், யாரும் தொடவில்லை என்று அறிக்கை வந்தது. எட்டு மாதம் கழித்துச் சுகுமாரன் மேல் குற்றமில்லை என்று எழுதி வண்டியை விட்டார்கள். மேலிடத்திலிருந்து பதிவுப் புத்தகத்தில் எண்ணைத் திருத்தவும் உத்தரவு வந்தது. அதற்குள் ஒரு மழைக்காலம் முழுவதும் அந்த வண்டி வெட்டவெளியில் நனைந்திருந்தது.

செய்தி கேட்ட அன்றே பனச்சமூட்டுக்குப் போனேன். கடையில் பச்சை வண்டி ஒன்றைத் தவிர வேறு வண்டி இல்லை. சுகுமாரன் சக்கரக் கம்பிகளில் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், டாக்டர் சொன்னது உட்பட. அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"பேப்பரு வந்தாச்சு சாரே. செரி" என்றார் கடைசியில். "ஆனா களவாணிண்ணு ஒருத்தனும் பேப்பரில எழுதி ஒட்டல்ல. வாயாலயாக்கும் சொன்னாங்க. இந்தப் பேப்பர நான் ஆளாளுக்கு கொண்டு போயி காட்ட முடியுமா?"

அவருடைய வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் எங்கள் சபையினர். அடுத்த ஞாயிறு, போதகரிடம் அனுமதி வாங்கி, அறிவிப்புகள் வாசித்து முடிந்ததும் எழுந்து முன்னால் போனேன். டாக்டரின் மகன் முதல் வரிசையில் இருந்தார். நான் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன், பெரிய டாக்டருக்கு அது தெரியும், சுகுமாரன் ஒரு தப்பும் செய்யவில்லை என்று சொன்னேன். இரண்டு நிமிடம் இருக்கும். வெளியே வந்ததும் டாக்டரின் மகன் என் பக்கத்தில் வந்தார்.

"எங்கப்பா செத்துப்போன மனுஷன். அவர இதில இழுக்கணுமா அண்ணே?"

"அவர மட்டும் இழுக்கல்ல தம்பி" என்றேன். அவர் அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை.

பேசியதோடு முடிந்துவிடும் என்று எனக்கும் நம்பிக்கை இல்லை. கோயிலில் கேட்டதைக் கேட்டவர்கள் அங்கேயே விட்டுவிட்டுப் போவதுதான் வழக்கம். திங்கட்கிழமை காலையில் என் காரை எடுத்துக்கொண்டு சுகுமாரன் கடைக்குப் போனேன். பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும்படி வாசலில் நிறுத்திவிட்டு, சாவியை அவர் மேசையில் வைத்தேன்.

"என்ன கம்ப்ளெயிண்டு?" என்றார்.

"ஒண்ணும் இல்ல. கொஞ்ச நாள் வாசலில கெடக்கட்டும்."

சுகுமாரன் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கம்ப்ளெயிண்டு இல்லாத வண்டிய நான் வாங்கிப் போடமாட்டேன் சாரே" என்று சாவியை எடுத்து என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை. பிறகு அவர் எழுந்து போய், ஈரத் தரையில் ஒரு சாக்கு கூட விரிக்காமல் மல்லாந்து படுத்து என் காருக்கு அடியில் போனார். முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளியே தெரிந்தது. ஒரு வெள்ளறடை பஸ் வேகத்தைக் குறைத்துப் போனது. ஜன்னல்களில் தலைகள் திரும்பின.

"சைலன்சர் கிளாம்பு துருப்பிடிச்சிருக்கு" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "மாத்தணும். வெள்ளிக்கிழம வாருங்க."